ஃபேனைப் போட்டுடாதீங்க!

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் கோயிலுக்குள் நுழைவார்கள். இல்லாவிட்டால் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைக்குள் நுழைவார்கள். எனக்குத் திறந்ததோ யாரும் எட்டிப் பார்க்காத கதவு! பயாப்ஸி எடுத்து அனுப்புகிறார்களே, அந்தச் சதைத்துணுக்கு எங்கே போகிறது, யார் கையில் சிக்குகிறது? ஊருக்குள்ளேயே ஒரு சின்ன நோய்க்குறியியல் ஆய்வகம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள், போகலாம். ஃபார்மலின் நெடி முதலில் கண்ணைத்தான் பிடிக்கும், ஜாக்கிரதை.

மேஜையில் கை வைக்க இடமில்லை. மூடி போட்ட டப்பாக்கள், மஞ்சளும் ரோஜா நிறமுமாகக் குவிந்த பிளாஸ்டிக் கேசட்டுகள், காது மடங்கிய பதிவேடு. ஓரத்தில் தட்டு நிறைய ஐஸ். “ஜூஸ் போடலாமா?” என்றேன். டெக்னீஷியன் அக்கா சிரிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்பார்களாம். ஐஸ் மெழுகுக்கட்டிக்கு. கர்ப்பப்பை உட்சுவரிலிருந்து சுரண்டி எடுத்த துணுக்கு, ஃபார்மலினில் ஊறி, ராத்திரி முழுக்க ஆல்கஹாலிலும் சைலீனிலும் குளித்து, காலையில் பாரஃபின் மெழுகுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பேர் கிடையாது, எண் மட்டும்.

மெழுகு இறுகியதும் அக்கா மைக்ரோடோமின் சக்கரத்தைச் சுற்றுகிறார். கத்தி முனையிலிருந்து நாடா நெளிந்து நெளிந்து வருகிறது. எனக்கோ வேர்வை ஊற்றுகிறது. சுவிட்ச் பக்கம் கை போனதுதான் தாமதம்... “ஐயோ, ஃபேனைப் போட்டுடாதீங்க!” காற்று பட்டால் அத்தனையும் பறந்துவிடும். ஒவ்வொரு சீவலும் 3, 4 மைக்ரான் கனம். பட்டுப்புழு நூற்கிற ஒற்றை இழையைவிட மெல்லிசு! அக்கா பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். “சின்ன வயசுல அறுந்த இழையைப் பிணைச்ச விரல்மா இது. இதெல்லாம் ஜுஜுபி.” நாடாவை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கமே இல்லாமல் கண்ணாடிச் சிலைடில் அள்ளுகிறார்.

அடுத்தது சாயம். சிங்க் முழுக்க ஊதா, அக்காவின் நகக்கண்ணும் ஊதா. ஹீமடாக்சிலின் என்ற இந்தச் சாயம் மத்திய அமெரிக்காவின் லாக்வுட் மரக்கட்டையிலிருந்து வருவது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பட்டுக்கும் கம்பளிக்கும் நிறம் ஏற்றியது. பட்டு ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் துள்ளாமல் இருக்க முடியுமா?

ஆய்வகத்தின் டாக்டரம்மா இரட்டைத்தலை மைக்ரோஸ்கோப்பில் எனக்கும் ஒரு பக்கம் தந்தார். முதலில் தெரிந்தது என் கண்ணிமைதான்! பிறகு, ஊதாவும் ரோஜாவுமாக ஓர் உலகம். நல்ல உட்சுவரில் சுரப்பிகள் இடம் விட்டு நிற்கின்றன. பழைய பெட்டியிலிருந்து வேறு சிலைடு. வரதர் கோயில் கருட சேவைக் கூட்டம் மாதிரி சுரப்பிகள் முண்டியடிக்கின்றன, நடுவே மூச்சுவிட இடமில்லை. கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்று.

“இப்ப இதுக்குத் தூபம் போடுற ஆளைக் காட்டறேன்.” அடுத்த சிலைடில் வெறும் வெள்ளை வட்டங்கள். “ஒண்ணுமே இல்லையே?” “கொழுப்பை சைலீன் கரைச்சுடுச்சு. மிச்சம் வெறும் கூடு.” இந்தக் கொழுப்புத்திசு உடம்புக்குள் இருக்கும்போது சும்மா கிடப்பதில்லை. மாதவிடாய் நின்றதும் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். ஆனால், கொழுப்பிலிருக்கும் அரோமடேஸ் என்ற நொதி வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். உட்சுவரை வளரச் சொல்வது ஈஸ்ட்ரோஜன். போதும் என்று நிறுத்துவது புரோஜெஸ்டிரோன். அந்த வயதில் நிறுத்த ஆளில்லை. தொப்பை போட்டால் உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்காது. கணையம் இன்னும் இன்னும் சுரக்கும். அந்த உபரி இன்சுலின், ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் குறைக்கும். தானும் செல்களைப் பெருகத் தூண்டும். பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை உள்ள இளம்பெண்களுக்கு முட்டை வெளியாகாத மாதங்களிலும், புரோஜெஸ்டிரோன் இல்லாமல், நிறுத்த ஆளில்லாத இதே சிக்கல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் உடல் பருமனோடு தொடர்புள்ள 13 புற்றுகளைச் சொன்னது. அவற்றில் தொடர்பு மிக வலுவாக இருப்பது கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுக்குத்தான்.

டீ நேரம். வெளித் திண்ணையில் பொட்டலம் பிரிகிறது; மிளகும் சுக்கும் மணக்கிற காஞ்சிபுரம் இட்லி! “இட்லி மேல பழி போடாதீங்க மேடம். உட்கார்ந்த இடத்துலயே நாலு தின்னா அது யார் தப்பு?” என்கிறார் அக்கா. டாக்டரம்மா இஞ்ச் டேப்பை எடுத்தார். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள், பிஎம்ஐ 23-க்குள் இருந்தால் நல்லது. டேப் என் பக்கம் திரும்பியதும் போன் வந்ததுபோல் எழுந்துவிட்டேன்.

குண்டானவர்களுக்கெல்லாம் இது வந்துவிடாது; ஒல்லியானவர்கள் தப்பித்தார்கள் என்றும் இல்லை. ஆனால், இந்தப் புற்று பெரும்பாலும் ரத்தப்போக்காக முன்கூட்டியே தலைகாட்டிவிடும். அப்போதே பிடித்தால், கர்ப்பப்பையை அகற்றும் அறுவைசிகிச்சையில் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். 1969-ல் அண்ணாவைப் புற்றுக்குப் பறிகொடுத்த ஊர் இது. காரப்பேட்டையில் அவர் பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயத்தை விழுங்கிவிட்டு இருக்காதீர்கள். அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவிடமும் மாமியாரிடமும் இன்றைக்கே இதைச் சொல்லி வையுங்கள்.