உண்டதும் உழைத்ததும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்க என்னும் அதன் கருத்தை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு விளக்கி வந்தேன். சென்ற ஆண்டு என் குருதியில் சர்க்கரை மிகுந்துள்ளதென மருத்துவர் கூறியபோதுதான், கற்பித்ததை நான் கைக்கொள்ளவில்லை என்பது உறைத்தது.

லுணுகலையில் தோட்டத்து லயமொன்றில் பிறந்தவன் நான். கோதுமை மா ரொட்டியும் சீனியிட்ட தேநீருமே எங்கள் காலையுணவு. அவற்றை உண்ட என் அன்னை கொழுந்துக் கூடை சுமந்து நாள்முழுதும் மலையேறினார். உண்டது உழைப்பில் எரிந்தது. நானோ அவற்றையே உண்டு நாற்காலியில் அமர்ந்தேன்.

உழைக்கும் தசை குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கிறது. தசை சோம்பினால் சர்க்கரை தேங்குகிறது. வெள்ளை மா விரைந்து சர்க்கரையாகும். நார்ப்பொருள் மிக்க குரக்கன் மெல்லச் செரிக்கும்.

இப்போது என் உணவு அளவான குரக்கன் ரொட்டி, கீரை, பருப்பு, சீனியில்லாத் தேநீர். மாலையில் மலைப்பாதையில் அரைமணி நடை. மருத்துவர் தந்த மருந்தையும் விடவில்லை. சர்க்கரை தணிந்துள்ளது.

அன்பர்களே, உழைப்புக் குறைந்தபின்னும் பழைய அளவில் உண்ணுதல் தகாது. இவ்வாண்டு அவ்வதிகாரத்தைக் கற்பிக்கையில் என் குரலில் தயக்கமில்லை.