ஓடியோடி நின்ற கார்

1948ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த மொறிஸ் மைனர் இனத்துப் பழைய காரொன்று எம்மிடம் உண்டு. நாவிதன்வெளியினின்று கல்முனைக்குப் புறப்பட்டால், கிட்டங்கித் தாம்போதியை அண்மியதும் எஞ்சின் திணறி நின்றுவிடும். கால்மணி நேரஞ் சென்றபின் ஒன்றும் நடவாததுபோல ஓடும். மாரியில் வெள்ளம் பாயும் அவ்விடத்தில் இவ்விளையாட்டு உகந்ததன்று.

கொயிலை மாற்றினோம், காபரேற்றரைக் கழுவினோம். பணமே கரைந்தது.

ஈற்றில் உண்மையைச் சொன்னது பெற்றோற் பம்பியே. இக்காரின் மின்பம்பி முன்புறத்திலிருந்து பின்புறத் தாங்கியின் பெற்றோலை உறிஞ்சுவது. தாங்கி வெறுமையாயினும், குழாயிற் காற்றுப் புகுந்தாலும் அது விரைந்து 'டிக் டிக்' என்னும். எமது பம்பியோ கார் நிற்குமுன் தளர்ந்து தளர்ந்து ஒலித்தது. உறிஞ்சும் பக்கத்தில் தடையுண்டு என்பதே இதன் பொருள். அடுத்தமுறை நின்றதும் தாங்கியின் மூடியைத் திறந்தோம். (சுருட்டைத் தூர வைத்துவிட்டே இதனைச் செய்தல் வேண்டும்.) 'உஸ்' என்று காற்று உட்சென்றது, எஞ்சினும் உடனே இயங்கிற்று!

பால் ரின்னில் ஒரு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் பால் செவ்வனே வடிவதில்லை யன்றோ? மூடியிலிருந்த காற்றுத் துளையை வயற்பாதைப் புழுதி அடைத்திருந்தது. பெற்றோல் குறையக் குறையத் தாங்கியினுள் அமுக்கம் தாழ்ந்துபோக, பம்பியால் உறிஞ்ச இயலவில்லை. நாம் காத்திருந்த வேளையிற் காற்று மெல்லக் கசிந்து புகுந்தமையாலேயே கார் மீண்டும் ஓடியிருக்கின்றது. மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, மண்ணெண்ணெயிற் கழுவிப் பூட்டினோம். அதன்பின் அது தாம்போதியில் நின்றதில்லை.