பில் ஏறாமல் நின்ற ஐந்து மாதம்

"தம்பி, இந்தக் கிளவுட்டுக்கு மாசா மாசம் 200 ரிங்கிட்டுக்கு மேல போகுதே, அதுல அப்படி என்னதான் இருக்கு?"

கணக்குப் பிரிவு அக்கா கேட்டபோது என்னிடம் சரியான பதில் இல்லை. கிள்ளானில் ஒரு லோரி நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். சம்பளம், பயணப் பட்டியல், வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருக்கின்றன. தினமும் இரவு 2 மணிக்கு அதன் நகல் ஒன்று சுருக்கப்பட்டு அமேசானின் எஸ்3-க்குப் போகும். அந்த ஸ்கிரிப்டை எழுதியவனும் நான்தான். அனுப்பச் சொல்லி எழுதினேன். பழையதை அழிக்கச் சொல்லி எழுதவில்லை.

எஸ்3 ஒரு வாடகைக் கிடங்கு மாதிரி. சிங்கப்பூர் மையத்தில் ஒரு கிகாபைட்டுக்கு மாதம் சுமார் 2.5 அமெரிக்க செண்ட். கேட்டால் சில்லறைக் காசு. ஆனால் மூன்றரை ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் சேர்ந்து 2 டெராபைட்டைத் தாண்டியிருந்தன.

30 நாளுக்கு முந்தைய எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தட்டி வைத்தேன். எவ்வளவு மிச்சமாகும் என்று அக்காவிடம் சொல்லலாமே என்று, என்டரை அழுத்துமுன் பட்டியலை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தேன்.

அடியில் ஒரு கோப்பு, 20 பைட். அதற்கு மேலே இன்னொன்று, அதுவும் 20 பைட். எண்ணினால் நூற்றைம்பதுக்கு மேல். கடைசி ஐந்து மாத பேக்கப் அத்தனையும் அப்படித்தான்.

ஒன்றுமில்லாததை ஜிஸிப் சுருக்கினால் வரும் அளவு அது. ஐந்து மாதத்துக்கு முன் டேட்டாபேஸின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தோம், ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. நகலெடுக்கும் நிரல் உள்ளே போக முடியாமல் வெறுங்கையோடு திரும்ப, ஜிஸிப் அந்த வெறுமையை ஒழுங்காகப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறது. பதிவேட்டில் தினமும் 'வெற்றி'.

என்டரை அழுத்தியிருந்தால் நல்ல நகல்கள் எல்லாம் போய், 30 காலிப் பொட்டலங்கள் மிஞ்சியிருக்கும். இதில் வெட்கம் என்னவென்றால், ஐந்து மாதமாக பில் ஏறாமல் நின்றதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். எஸ்3-இல் பேக்கப்பைத் தேடினால் காலி. நகலெடுக்கும் நிரலின் பதிப்பு டேட்டாபேஸோடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது.

அன்றிரவே புது நகல் எடுத்து, வேறொரு கணினியில் திறந்து, அந்த வாரப் பயணப் பட்டியல் வரை இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகுதான் அழிக்கத் தொடங்கினேன். கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் ஆண்டு இறுதி நகல்களை ஒதுக்கினேன். மற்றவற்றில் எப்போதோ வேலையை விட்டுப்போன ஓட்டுநர்களின் ஐசி எண்ணும் வங்கிக் கணக்கும் ஆயிரம் முறை கிடந்தன. தேவை முடிந்த தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பில்லைவிட அதுதான் என்னை உறுத்தியது.

அழித்தும் பில் இறங்கவில்லை! பாதுகாப்புக்கென்று வெர்ஷனிங்கை நானே போட்டு வைத்திருந்தேன். அது இருந்தால் அழித்த கோப்பு மறையுமே தவிரப் போகாது, வாடகையும் ஓடும். பழைய வெர்ஷன்களை 7 நாளில் நீக்கவும், பாதியில் அறுந்துபோன அப்லோடுகளின் துண்டுகளைக் கழிக்கவும் லைஃப்சைக்கிள் விதி எழுதினேன். இந்தத் துண்டுகள் சாதாரணப் பட்டியலில் கண்ணுக்கே தெரியாது.

இப்போது தினமும் காலை 8 மணிக்கு முந்தைய இரவு நகலின் அளவு என் கைப்பேசிக்கு வருகிறது. அக்காவும் தனக்கு அனுப்பச் சொன்னார். நேற்று மழையில் லைன் போய்ச் செய்தி தாமதமானது. 8.10-க்கு அக்காவே கூப்பிட்டுவிட்டார்: "தம்பி, இன்னிக்கு எத்தனை கிகாபைட்?"