வெயிலில் காயும் எரிபொருள்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமாவில் ஜூலை மாதப் பகல் வெயில் 33 டிகிரி செல்சியஸைத் தொடும். காற்றில் ஈரம் கசகசக்கும். பிற்பகலில் திடீரென்று இடியோடு மழை இறங்கும். இந்த நாட்களில் அங்குள்ள சில பண்ணை வீடுகளின் பின்புறம் தகரக் கொட்டகைகளில் ஓக், பைன் மரத்துண்டுகள் குவிந்து கிடக்கும். எல்லாம் கைக்குள் அடங்கும் அளவில் நறுக்கியவை. குளிர்காலத்துக்கு விறகு சேர்க்கிறார்கள் என்றுதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் இந்தத் துண்டுகள் போய்ச் சேரும் இடம், பிக்கப் வண்டியின் பின்தட்டில் பொருத்திய ஓர் இரும்பு உலை. அங்கே அவை வாயுவாக மாறி, பெட்ரோல் இன்ஜினை ஓட்டுகின்றன.

அலபாமாவின் ஸ்பிரிங்வில் ஊர் விவசாயி வெயின் கீத் இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த பெயர். விறகில் ஓடும் தன் டாட்ஜ் டகோட்டா பிக்கப்பை 2011இல் யூட்டா மாநிலத்து பான்வில் உப்புச் சமவெளிக்குக் கொண்டுபோய், மணிக்கு 73 மைல், அதாவது சுமார் 117 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அவரைப் போலவே, வீட்டோடு ஒரு பட்டறையும் வெல்டிங் மெஷினும் வைத்திருக்கும் கிராமத்து மனிதர்கள் பலர், பழைய கேஸ் சிலிண்டரையும் எண்ணெய் டிரம்மையும் வெட்டி ஒட்டி இந்த உலைகளைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். வேகச் சாதனை கண்ணைக் கவரும். ஆனால் விறகு வாயுவை வாழவைப்பது, அவர்கள் கோடை முழுவதும் செய்யும் சிறுசிறு வேலைகள்தான். அந்த ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் வேதியியல் இருக்கிறது.

உலைக்குள் நடப்பது

விறகு எரியும்போது தெரியும் சுவாலை, சூட்டில் மரத்திலிருந்து வெளியேறும் வாயு எரிவதால் உண்டாவது. அந்த வாயுவை அங்கேயே எரிந்து தீரவிடாமல் பிடித்து, சுத்தம் செய்து, குளிரவைத்தால் இன்ஜினுக்குள் அனுப்பலாம். வாயு மேலிருந்து கீழ்நோக்கிப் போகும் உலை அமைப்பை 1920களில் பிரான்சின் ஜார்ஜஸ் இம்பெர்ட் உருவாக்கினார். இன்றைய வீட்டுப் பட்டறை உலைகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை.

உலையின் மேல்பகுதியில் விறகு சூடேறிக் காய்கிறது. அதற்குக் கீழே, போதிய காற்று இல்லாத இடத்தில், கரியாகவும் புகையாகவும் பிரிகிறது. அந்தப் புகையில் தார் நிறைய இருக்கும். இன்னும் கீழே குழாய்கள் வழியே காற்று நுழையும் இடத்தில் 1,000 டிகிரிக்கு மேல் தீ கனலும். தாரின் பெரிய மூலக்கூறுகள் அந்தச் சூட்டில் உடைந்து சிறு வாயுக்களாகும். எரிந்து முடிந்த கார்பன் டைஆக்சைடும் நீராவியும் அதற்கடுத்த செந்தணல் கரிப்படுகை வழியாக இறங்க வேண்டும். அங்கே கரி அவற்றிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. கார்பன் டைஆக்சைடு கார்பன் மோனாக்சைடாகிறது. நீராவி ஹைட்ரஜனைத் தருகிறது. இரண்டும் எரியக்கூடிய வாயுக்கள்.

வெளியே வரும் வாயுவில் சுமார் 20 சதவீதம் கார்பன் மோனாக்சைடு, 15 முதல் 20 சதவீதம் ஹைட்ரஜன், சிறிதளவு மீத்தேன். ஏறக்குறைய பாதி, காற்றோடு வந்த நைட்ரஜன். அது எரியாது. அதனால் ஒரு கன மீட்டர் விறகு வாயுவின் வெப்பம் இயற்கை எரிவாயுவில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் இருக்கும். இன்ஜினின் சக்தியும் 30 முதல் 50 சதவீதம் வரை குறையும். இந்த ஆர்வலர்கள் பெரிய இன்ஜின் வைத்த பழைய பிக்கப்புகளைத் தேடிப் பிடிப்பது இதனால்தான். விறகு வாயு மெதுவாக எரிவதால் ஸ்பார்க்கையும் சற்று முன்னதாக வைக்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ காய்ந்த விறகு வேண்டும்.

ஈரத்தோடு போராட்டம்

இங்கே காய்ந்த விறகு என்பதில்தான் கோடையின் பங்கு இருக்கிறது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீராகவே இருக்கலாம். உலைக்குப் போகும்போது அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். ஒரு கிலோ பச்சை மரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மரம் அரைக் கிலோ, அதன் வெப்பம் சுமார் 9 மெகாஜூல். மீதி அரைக் கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 1.3 மெகாஜூல் செலவாகும். ஏழில் ஒரு பங்கு போனால் போகட்டுமே என்று தோன்றலாம்.

இழப்பு அதோடு நிற்பதில்லை. அத்தனை தண்ணீரும் ஆவியாகித் தீப்பகுதிக்குள் இறங்கும்போது அங்கே சூடு குறைகிறது. சூடு குறைந்தால் தார் உடையாது. உடையாத தார் வாயுவோடு போய் இன்ஜினின் வால்வுத் தண்டுகளில் படிகிறது. இன்ஜின் சூடாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இரவில் ஆறியதும் பிசினாக இறுகிவிடும். மறுநாள் இன்ஜினைக் கிளப்பினால் ஒட்டிக்கொண்ட வால்வு அசையாமல், அதைத் தள்ளும் கம்பி வளைந்துபோகும். ஈர விறகு கெடுப்பது தீயை மட்டுமல்ல, இன்ஜினையும்தான்.

அந்தத் தண்ணீரைக் கூலியில்லாமல் எடுத்துத் தருவது வெயிலும் காற்றும். மரம் தன் நாளங்களின் வழியே, வெட்டிய முனைகளில்தான் ஈரத்தை வேகமாக விடும். பட்டை வழியாகவும் பக்கவாட்டிலும் விடுவது மிகவும் மெதுவாக. அதனால் முழுக்கட்டையாக அடுக்கினால் ஒரு வருடம்கூட ஆகும் வேலை, முதலிலேயே குட்டையாக நறுக்கிவிட்டால் கோடையின் சில வாரங்களில் முடிந்துவிடும். நம் வீட்டு மாடிகளில் வடகம் காய்வதைப் போல அவ்வப்போது கிளறிவிட்டு, மழைக்கு முன் மூடிப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. தரையில் நேரடியாகக் கொட்டினால் அடிப்பக்கம் ஈரம் ஏறும் என்பதால், மரச்சட்டத்தின் மேல் கம்பிவலைப் பெட்டி வைத்து அதில் நிரப்புகிறார்கள். எத்தனை நாள் விட்டாலும் அலபாமாவின் ஈரக் காற்றில் மரம் 12, 13 சதவீதத்தோடு நின்றுவிடும். காற்றின் ஈரத்துக்கும் மரத்தின் ஈரத்துக்கும் இடையே ஏற்படும் சமநிலை அது. உலைக்கு அதுவே போதும்.

ஒரு கோடை நாளின் வேலைகள்

அடுத்த வேலை, துண்டின் அளவு. மரத்தூளைப் போட்டால் காற்று புகாது. நீளக் கட்டையைப் போட்டால் துண்டுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடும். அடியில் கரிப்படுகை காலியாகி, தார் அப்படியே இறங்கும். தீப்பெட்டி அளவிலிருந்து கைமுஷ்டி அளவுக்குள் சீராக இருந்தால்தான் விறகு ஒழுங்காக இறங்கும். மர அறுவை மில்லில் மிஞ்சும் பக்கப் பலகைகளும் கிளைகளும் இதற்குப் போதும். பழைய லாரியின் பின்அச்சில் ஒரு கத்தியைப் பற்றவைத்து, கிளையை உள்ளே கொடுக்கக் கொடுக்கத் துண்டு போடும் இயந்திரத்தைப் பலர் தாங்களே செய்து வைத்திருக்கிறார்கள்.

வெயில் ஏறுமுன் உலையின் வேலை. இரவில் குளிர்ந்து தேங்கிய வடிநீரைத் திறந்துவிட வேண்டும். தணல் தட்டை ஆட்டிச் சாம்பலை இறக்க வேண்டும். வடிகட்டியில் கரித்தூள் அடைத்திருக்கிறதா, மூடியைச் சுற்றியுள்ள கயிற்று அடைப்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு விசிறியை ஓடவிட்டுத் தீ மூட்டினால் முதலில் வெள்ளைப் புகை வரும். சில நிமிடங்களில் அது தெளியும். வெளிக்குழாயின் வாயில் தீ வைத்துப் பார்த்து, சுவாலை அணையாமல் நின்று எரிந்தால் இன்ஜினுக்குத் திருப்பலாம்.

கோடை இன்னொரு சிரமத்தையும் தருகிறது. சூடான வாயு விரிந்து நிற்பதால் சிலிண்டருக்குள் குறைவாகவே நுழையும். 60 டிகிரி வாயுவில் அதிகபட்சம் 20 சதவீதம் வரை நீராவி நிற்க முடியும். 35 டிகிரிக்குக் குளிரவைத்தால் சுமார் 5.5 சதவீதம்தான் நிற்கும், மீதி தண்ணீராக இறங்கிவிடும். ஆகவே வண்டியின் இருபுறமும் நீளக் குழாய்களை ஓடவிட்டு வாயுவைக் குளிரவைக்கிறார்கள். அந்தக் குழாய்களின் உட்புறத்தைக் கழுவுவதும் கோடை வேலைப் பட்டியலில் உண்டு.

மாட்டுக்குப் புல் அறுத்துக் காயவைத்துக் கட்டுவதும், தோட்டத்துக் காய்களைப் பதப்படுத்துவதும் இதே மாதங்களில்தான். சிலர் பழைய பெட்ரோல் டிராக்டரையும் ஜெனரேட்டரையும் விறகு வாயுவில் ஓட்டுகிறார்கள். மின்கம்பி எட்டாத வீடுகளில் கோடையில் சூரியத் தகடே போதுமான மின்சாரம் தருவதால் உலைக்கு ஓய்வு கிடைக்கிறது. பழுது பார்த்துக் குளிர்காலத்துக்குத் தயார் செய்ய அதுதான் பருவம். உலையில் மிஞ்சும் கரித்தூளை எருவோடு ஊறவைத்துத் தோட்டத்து மண்ணில் கலக்கிறார்கள். கரியின் நுண்துளைகள் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும், கரியும் நெடுங்காலம் மட்காமல் மண்ணிலேயே தங்கும்.

எல்லா வேலைகளுக்கும் மேலே நிற்பது எச்சரிக்கை. காய்ந்த புல்லில் ஒரு தணல் விழுந்தால் போதும், தீப்பிடித்துவிடும். அதனால் சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது உலையை அது உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், கசிவு இருந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். நிறுத்திய பிறகும் தணல் வாயுவை உண்டாக்கிக்கொண்டிருக்கும். அப்போது அது வெளியே கசியும். எனவே சூடான உலையுள்ள வண்டியை மூடிய கொட்டகைக்குள் ஒருபோதும் நிறுத்தக் கூடாது. விறகு நிரப்ப மூடியைத் திறக்கும்போது காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும்.

கைவிட்டுப் போன அறிவு

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் வரத்து நின்றபோது சுவீடனில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. நம் சென்னை மாகாணத்துச் சாலைகளிலும் அப்போது கரி பஸ்கள் ஓடின. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் உலைகள் சில ஆண்டுகளில் காணாமல் போயின. பெட்ரோல் இந்த வேலைகள் அனைத்தையும் மிச்சப்படுத்தியது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் சுவீடனின் போர்க்கால அனுபவ நூல் ஆங்கிலத்துக்கு வந்தது. 1989இல் அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு, கிடைக்கும் பொருள்களில் எளிய உலை செய்யும் முறையைக் கையேடாக வெளியிட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் பல ஆண்டுகள் ஆராய்ந்து தன் சொந்த உலையை வடிவமைத்தது. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி குடிநீர் இறைக்க விறகு வாயுவைப் பயன்படுத்தியது.

உலகத்தின் வண்டிகளை எல்லாம் விறகில் ஓட்டக் காடுகள் போதாது. மரக்கழிவு வீணாகும் இடத்தில், அதைக் காயவைக்கவும் நறுக்கவும் ஆள் இருக்கும் வீட்டில்தான் இது பொருந்தும். இருந்தாலும் இந்த விவசாயிகள் செய்வதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. துண்டின் அளவு, ஈரத்தின் அளவு, சுவாலையின் நிறம், தட்டை எப்போது ஆட்டுவது என்பதெல்லாம் கையேட்டில் பாதிதான் அடங்கும். மீதி, செய்கிறவர் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. 1945க்குப் பிறகு செய்கிறவர்கள் இல்லாமல் போனதால், அடுத்த தலைமுறை அதைப் பெரும்பாலும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. எரிபொருளுக்கு மீண்டும் ஒரு நெருக்கடி வந்தால், காகிதத்தில் உள்ள வரைபடத்தை ஓடும் இன்ஜினாக மாற்றத் தெரிந்தவர்கள், இன்று கோடை வெயிலில் விறகு கிளறிக்கொண்டிருக்கும் இவர்களாகத்தான் இருப்பார்கள். அந்த அறிவு கையிலிருக்கும்போதே அதைக் கேட்டு, பார்த்து, எழுதி வைத்துக்கொள்வது நமக்குத்தான் நல்லது.