படிப்பு ஏறாத பிள்ளையும் வீட்டுப் பழக்கங்களும்

சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில், “பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, தறியில் உட்கார வைத்துவிடப் போகிறேன்” என்று அங்கத்தினர் சிலர் கூறக் கேட்கிறோம். பயிர்த்தொழில் செய்வோர் இல்லங்களிலும் இதே பேச்சு உண்டு. இம்முடிவுக்கு வருமுன் வீட்டின் அன்றாடப் பழக்கங்களைச் சற்றே சோதித்துப் பார்த்தல் அவசியமாகும். மந்தபுத்தி என நாம் எண்ணுவது, பல சமயங்களில் உறக்கக் குறைவாகவோ இரத்தக் குறைவாகவோ இருத்தல் கூடும்.

முதலாவது, உறக்கம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டுமென மருத்துவர்கள் கூறுகின்றனர். நாளேட்டில் எழுதிய வரவு செலவைப் பின்னர்ப் பேரேட்டில் பதிவதுபோல, பகலில் கற்றதை மூளை உறக்கத்தின்போது நினைவில் நிலைநிறுத்துகிறது. இரவில் நெடுநேரம் தார் சுற்றிவிட்டு, பின்னர்க் கைப்பேசியும் பார்த்து, 11 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழும் பிள்ளை 6 மணி நேரமே உறங்குகிறது. வகுப்பில் அது தூங்கி விழுந்தால் குற்றம் யாருடையது?

இரண்டாவது, காலை உணவு. வளர்ந்தவரின் உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடே; ஆயினும் ஓய்வாக இருக்கையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அதுவே கொள்கிறது. சிறுவரிடம் இப்பங்கு இன்னும் மிகுதி. பசித்த பிள்ளைக்குப் பாடத்தில் மனம் செல்லாது. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 2022-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பசியைப் போக்கிப் படிப்பை வளர்க்க எழுந்தவையே.

மூன்றாவது, தேநீர். காலையில் தேநீரும் ரொட்டியுமே பல பிள்ளைகளுக்கு ஆகாரம். உணவோடு அருந்தும் தேநீர், அவ்வுணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதவாறு தடுக்கிறது. இரும்புச் சத்துக் குறைந்தால் இரத்தம் குன்றும். கவனமும் நினைவும் தளரும். கம்பு, பயறு, கீரை, முட்டை ஆகியவற்றைக் கொடுத்து, உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அச்சத்து நன்கு உடலில் சேரும்.

நான்காவது, வெறுங்கால் நடை. திறந்தவெளியில் மலங்கழிக்கும் இடங்களில் கொக்கிப்புழு பாதத்தின் வழியே உடலில் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஆதலின் கழிப்பறையும் காலணியும் கல்விக்கும் துணையாவனவே.

இவற்றைத் திருத்திய பின்னும் படிப்பில் தடை தோன்றினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தையும் கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்க. தறியும் நிலமும் பிள்ளைக்காகக் காத்திருக்கும். ஒருமுறை பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை மீண்டும் அங்கே அனுப்புதல் எளிதன்று.