ஆராய்ச்சியின் விளைச்சலை அளப்பது எப்படி?

வயலின் விளைச்சலை மூட்டைக் கணக்கில் சொல்லிவிடுகிறோம். ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் விளைச்சலை எதைக் கொண்டு அளப்பது? காலப்போக்கில் அது கூடுகிறதா, குறைகிறதா என்று எப்படி அறிவது?

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கு 1968ல் 38 செ.மீ. தொலைநோக்கி பணி தொடங்கியது. 1972ல் 102 செ.மீ. தொலைநோக்கியும், 1986ல் 234 செ.மீ. தொலைநோக்கியும் வந்து சேர்ந்தன. கருவிகள் பெருகின; ஆராய்ச்சியும் பெருகிற்றா?

எண்ணிப் பார்த்தல்

வெளியான ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுவது எளிய வழி. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு நிலையத்தில் 10 பேர் ஆண்டுக்கு 20 கட்டுரைகள் எழுதினார்கள் என்று கொள்வோம். பின்னாளில் 30 பேர் 45 கட்டுரைகள் எழுதினால், மொத்தம் கூடியிருக்கிறது. தலைக்கு 2 என்பதோ 1½ ஆகக் குறைந்துவிட்டது! வானியலில் மேகமும் கணக்கில் சேரும். பருவமழை நீண்ட ஆண்டில் தெளிந்த இரவுகள் குறைவு அல்லவா?

உலகத்தோடு ஒப்பிடுதல்

உலகெங்கும் ஆராய்ச்சி வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வளர்ச்சியையும் பார்க்க வேண்டும். டெரெக் டி சொல்லா பிரைஸ் என்பவர் 1940களின் இறுதியில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் கற்பித்தார். 1665ல் தொடங்கிய இலண்டன் ராயல் கழக இதழின் பழைய தொகுதிகளைப் பத்தாண்டுக் கட்டுகளாக அவர் சுவரோரம் அடுக்கினார். அடுக்குகளின் உயரம் கூட்டுவட்டி போல ஏறிற்று! அறிவியல் இலக்கியம் சுமார் 15 ஆண்டுகளில் இரட்டிப்பாகிறது என்று பின்னர் அவர் கணித்தார். அந்த வேகத்தில் வளரும் நிலையம் உலகத்தோடு ஒத்து நடக்கிறது, முந்திச் செல்லவில்லை.

மதிப்பு எவ்வளவு?

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அப்போது காவலூர் 102 செ.மீ. தொலைநோக்கியில் விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கியது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் இதை ஒரு புதிய துணைக்கோளின் அடையாளமாகக் கருதி, 'நேச்சர்' இதழில் எழுதினர். அதே நிகழ்ச்சியை இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்கக் கைப்பர் விமான ஆய்வகமும் பதிவு செய்தது. கோளின் இருபுறமும் ஒளி மங்கியதால், அவை வளையங்கள் என்று தெளிவாயிற்று. காவலூர் கண்டதும் வளையமே!

எண்ணிக்கையில் இது ஒரே கட்டுரை. விளக்கம் மாறியது, ஆனால் பதிவான ஒளி அளவு மாறவில்லை. இத்தகைய மதிப்பை அறிய, ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று பார்ப்பதுண்டு. யூஜின் கார்ஃபீல்டு 1964ல் இதற்கெனத் தனி அட்டவணையே வெளியிட்டார். ஆயினும் மறுப்பதற்காகக் காட்டிய மேற்கோளும் அதில் ஒன்றுதான்!

ஆகவே மாணவர்களே, எண்கள் ஆராய்ச்சி போகும் திசையைக் காட்டும். அதன் தரத்தை அறியக் கட்டுரையைத்தான் படிக்க வேண்டும்.