குதிரைமசால் விதை கட்டும் கதை

தீவனப் பயிரான குதிரைமசாலின் பூ ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊதா நிறம், சுண்டுவிரல் நகத்தளவு. கீழே ஒட்டியிருக்கும் இரண்டு இதழ்களின் இடுக்கில் ஈர்க்குச்சி நுனியை வைத்து மெல்ல அழுத்தினால், உள்ளே விறைப்பாக அடங்கியிருந்த மகரந்தத் தண்டு சட்டென்று விடுபட்டு, மேலே நிற்கும் பெரிய இதழில் போய் அடிக்கும். ஒரு பூவுக்கு ஒரே முறைதான். இந்த அடி விழாத பூ பெரும்பாலும் காய்க்காமலே உதிர்ந்துவிடும்.

பூவில் இறங்கித் தலையில் இந்த அடி வாங்கிய தேனீ மறுமுறை ஏமாறாது. பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேனை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். உவர்மண்ணில் வளை தோண்டும் ஒரு காட்டுத் தேனீ அப்படி ஒதுங்குவதில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து டூஷி (Touchet) பகுதியில், குதிரைமசால் விதை எடுக்கும் விவசாயிகள் அதற்கென்றே நிலம் ஒதுக்கி, உப்பிட்டு, மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஈரம் காக்கிறார்கள்.

இத்தனை செய்தும் எல்லா ரகமும் ஒரே அளவு விதை தருவதில்லை. தண்டுக்கு எத்தனை பூங்கொத்து, பூ எவ்வளவு லேசாகத் திறக்கிறது, தேன் எவ்வளவு சுரக்கிறது என்று எல்லாமே ரகத்துக்கு ரகம் மாறும். பூவில் பத்துக்கும் மேல் சூல் இருக்கலாம். சுருண்ட காயை உரித்தால் பாதிகூடத் தேறியிருக்காது. வேறு செடியின் மகரந்தம் கிடைக்காவிட்டால் இன்னும் குறையும். ரகத்தைத் தேர்ந்தெடுப்பவரின் கண்ணோ இலையில்தான் இருக்கும். பூக்கத் தொடங்கும்போதே அறுத்துவிடுகிற பயிரில் காயை யார் பார்ப்பது? மாடு விரும்பித் தின்னும் நல்ல ரகம், விதை அருகி விலை ஏறியதாலேயே விவசாயிக்கு எட்டாமல் போவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

ஒரே ரகத்துக்குள்ளும் செடிக்குச் செடி வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் உருவான, குளிர் தாங்கும் 'ரேஞ்சர்' ரகத்துக்கு, கலிபோர்னியாவின் வெயிலில் விதை பெருக்கினார்கள். அங்கே குளிருக்கு ஒடுங்காத செடிகளே கூடுதலாக விதை கொடுத்தன. சில தலைமுறைக்குள் பெயர் மட்டும் ரேஞ்சராக நின்றது; குளிர் தாங்கும் குணம் தேய்ந்தது. இப்போது சான்று விதை எடுப்பவர்கள், மூல விதையிலிருந்து இத்தனை தலைமுறைதான் பெருக்கலாம் என்ற வரம்புக்குள் நிற்கிறார்கள்.